மல்லி அரும்பு தண்டி

மில் பஸ் நிற்கிற செங்கமடை விலக்கில் மாரிக்கனி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதைக் கோத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவள் வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்க வேண்டும், சாப்பிட்டியா, பிள்ளைகள் நல்லா இருக்கா என்று வாயை விட்டுவிட்டால் அப்புறம் மில் வாசல் வரைக்கும் பேச்சு அதிலேயே ஓடிவிடும் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே சோற்றுவாளியைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைத்து, யாரும் உட்கார்ந்துவிடாதபடி அதன் மேல் ஒரு கையையும் போட்டுக்கொண்டாள். பல மாதம் லீவில் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் நைட் ஷிப்டுக்குத் திரும்புகிறாள். பஸ் அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பியில் அதே துரு, சீட்டுக் கிழிசலில் அதே பஞ்சுத் தூசி, ஷிப்டு முடிந்து போகிற பெண்களின் வேர்வையும் அவர்கள் தலையில் வாடின பூவும் கலந்து ஊறிப்போன அதே வாடை. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துண்டுக்குள் வெக்கை அடைத்துக்கொண்டு நெற்றியோரம் வேர்வை அரும்பியது. அரும்பியது. கதைகளில் அப்படித்தான் எழுதுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் வடை மடித்து வந்த தாளைக்கூட எண்ணெயை வழித்துவிட்டுப் படித்து முடித்த பிறகுதான் தூரப் போடுவாள். அந்த வார்த்தை வந்ததும் நினைப்பு பட்டென்று அறுந்தது. மில்லில் நூல் நூற்கிற பிரேமில் இழை அறுந்தால் நுனியைத் தேடிப் பிடித்து, விரலால் திரித்து ஒட்டிவிட்டு அடுத்த இழைக்கு ஓடுகிறவள்தான், அதற்குத்தான் சம்பளம். இந்த இழை மட்டும் ஒரு வாரமாக ஒரே இடத்தில் அறுகிறது, ஒட்டுகிறாள், மறுபடி அங்கேயே அறுகிறது. மல்லி அரும்பு தண்டிதான்க்கா இருக்கு, போனில் மாரிக்கனி சொன்னது.

"என்ன புஷ்பம், முருகன் உன்னை இம்புட்டு நாளா விடமாட்டேன்னுட்டாரா?" பின்சீட்டிலிருந்து சீனித்தாய் குனிந்தாள். மில்லில் மூத்தவள், எல்லார் வீட்டு உலையிலும் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லுகிறவள். "மொட்டை போட்டு எம்புட்டுக் காலமாச்சு, இந்நேரம் சீப்பு நிக்கணுமே. துண்டை அவுக்காம உக்காந்திருக்கே. சாமியாராப் போகப் போறியா?"

"தலையில ஈரம் மதினி."

"ஈரமா. மழையா பேஞ்சுச்சு உங்க ஊர்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்துவைத்தாள். சிரித்தால் விட்டுவிடுவாள் சீனித்தாய், பதில் சொன்னால் பிடித்துக்கொள்வாள். பஸ் கருவேலங்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, வெயில் இறங்கி முள்ளுக்குள் சிவப்பாகக் கிடந்தது, இன்னும் ரயில்வே கேட், அப்புறம் செக்கு வைத்த கடை, அப்புறம் விலக்கு. எப்படி ஆரம்பிக்கிறது. மாரி, நான் சொன்னது பொய். அப்படியே போட்டு உடைத்துவிடலாம். ஆனால் தான் எங்கே சொன்னோம், தான் ஒன்றுமே சொல்லவில்லையே, சொன்னதெல்லாம் மற்றவர்கள், தான் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டும்தானே என்று உள்ளே ஒரு குரல் வக்கீல் மாதிரி எழுந்தது, அதை அதட்டி உட்கார வைத்தாள். இடது மாரில் இருப்பது கெட்ட கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுத் திரும்பின அன்றைக்கு, பஸ்ஸில் கடலைமிட்டாய் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் வேல்ச்சாமி சொன்னார், வெளியே தெரிய வேண்டாம் புள்ள, கார்த்தீஸ்வரிக்கு மாப்பிள்ளை பேச்சு ஓடிக்கிட்டிருக்கு, ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு ஒருத்தன் பத்த வச்சாப் போதும், அம்புட்டுத்தான். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, கடலைமிட்டாயை மென்றுகொண்டு தலையை ஆட்டினாள். அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவை ஏற்றி வந்ததும் முடி தலையணையோடு வந்தது, கோழி இறகு மாதிரி, பிடுங்காமலே. அப்போதுதான் நாத்தனார் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். வயிற்றில் கட்டி இருந்தது, பழனிக்கு நேர்ந்துகிட்டா, முருகன் கரைச்சுட்டான், மொட்டை போட்டுட்டு வந்துட்டோம். என்ன அழகான பொய். தலைக்கும் காரணமாச்சு, லீவுக்கும் காரணமாச்சு, சாமி பேரும் வந்துவிட்டதால் யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். அதோடு விட்டாளா நாத்தனார், மதுரையில் ஒரு கடையில் டப்பா டப்பாவாகப் பஞ்சாமிர்தம் வாங்கி மில்லுக்குக் கொடுத்துவிட்டாள். ஷிப்டு முழுக்க உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நக்கியிருக்கிறது. மாரிக்கனியும் நக்கியிருக்கிறாள். முருகா, உன் பேரை இழுத்துட்டோம், நீ பெரியவன், நீ பொறுத்துக்குவே என்று படுத்த இடத்தில் இருந்தே கும்பிட்டுக்கொண்டாள் தங்கபுஷ்பம், முருகன் பொறுத்துக்கொண்டிருப்பான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பொய் யாரையும் கடிக்காது என்றுதான் நினைத்தாள். அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும், முடி வளர்ந்ததும் தானாகச் செத்துப்போகும் என்று.

போன வாரம் மாரிக்கனி போன் பண்ணினபோது முன்னறையில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள் தங்கபுஷ்பம், தலையில் கொண்டை போட்ட விக் குத்திக்கொண்டிருந்தது, தோளில் போனை இடுக்கிக்கொண்டாள். யக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன் என்று ஆரம்பித்தாள் மாரிக்கனி, பக்கத்து பிரேம் ஓட்டுகிறவள், இரண்டு பிள்ளைக்காரி, தங்கபுஷ்பத்துக்குக் கை சோர்ந்துபோன, லீவுக்கு முந்தின அந்த மாதங்களில் தன் பிரேமையும் பார்த்துக்கொண்டு இவள் பிரேமுக்கும் ஓடிவந்து இழை ஒட்டினவள், ஏன் சோர்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்காதவள். மார்ல ஒரு உருண்டை தட்டுப்படுதுக்கா, வலியெல்லாம் கிடையாது, மல்லி அரும்பு தண்டிதான், அம்புட்டுச் சிறுசு, விரல் வச்சா நழுவுது. நான் பயப்படலக்கா. உங்களுக்கு அம்புட்டுப் பெருசு கரைஞ்சிருக்கு, எனக்கு இது என்ன. உங்களை மாதிரியே பழனிக்கு மொட்டை நேர்ந்துட்டேன், தைப்பூசத்துக்குப் போறோம். முன்னறையில் யாரோ பெண்ணோட அம்மாவைக் கூப்பிடுங்க என்றார்கள். சரிடி, பாத்துக்க என்றாள் தங்கபுஷ்பம். சரிடி. பாத்துக்க. போனை வைத்துவிட்டுப் போய்க் கேசரி கொடுத்தாள், மாப்பிள்ளையின் தாய் உங்க முடி என்ன இப்படி மினுங்குது என்று கேட்டதற்குச் சீயக்காய் என்றாள், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது அவளிடம். இராத்திரி பாயில் படுத்த பிறகுதான் அது எதற்குச் சொன்ன சரி என்று உறைத்தது. இப்போது ஆவணி. தைப்பூசம் எங்கே இருக்கிறது. இரண்டாம் நாள் பஸ் ஏறி மாரிக்கனி வீட்டுக்கே போனாள், மாமியார்க்காரி பாயைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு முருகன் மகிமையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், எழுந்திருக்கவேயில்லை, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அந்த வீட்டுக்குள் வைத்து இதைப் பேச முடியாது. போனில் இதைச் சொல்ல முடியாது, போன் அவள் புருஷன் கையிலும் இருக்கும். மறுநாளே மேஸ்திரிக்குத் தகவல் சொல்லிவிட்டாள், வேலைக்கு வருகிறேன் என்று. இன்னும் கொஞ்சம் ஓய்வெடுங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஓய்வு இருக்கட்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இருபது நிமிஷம் அவள் தன்னுடையவள், மாமியாரும் இல்லை புருஷனும் இல்லை, ஓடுகிற வண்டியிலிருந்து எழுந்து போகவும் முடியாது.

கேட் அடைத்திருந்தது. டிரைவர் இஞ்சினை நிறுத்தினார், திடுமென்று விழுந்த அமைதியில் தவளைச் சத்தம் கேட்டது. கேட் அடைத்திருப்பதில் மனசு ஒரு கணம் சந்தோஷப்பட்டதைக் கவனித்துவிட்டாள் அவள், அடி கள்ளி, ரயில் வரட்டும், கூட்ஸாக வரட்டும், இன்றைக்குச் சொல்ல முடியாமல் போகட்டும் என்றுதானே பார்க்கிறாய். அதெல்லாம் நடக்காது. சொல்லத்தான் போகிறாள். பூக்காரி ஒருத்தி ஜன்னல் ஜன்னலாக வந்தாள், அக்கா மல்லி, பூரா அரும்பு, ஒண்ணுகூட விரியல, விடிய விடிய மணக்கும். எல்லாரும் வாங்கினார்கள், நைட் ஷிப்டுக்காரிகள் பூ வாங்குகிறதே அப்படித்தான், சாயங்காலம் அரும்பாக வைத்துக்கொண்டு அதன் மேல் மில் தொப்பியை மாட்டிவிடுவார்கள், பிரேமின் சூட்டில் அது தொப்பிக்குள்ளேயே ஒவ்வொன்றாக அவிழும், விடிந்து துணி மாற்றுகிற அறையில் எல்லாரும் தொப்பியைக் கழற்றிப் பஞ்சுத்தூசியை உதறும்போது அந்த அறை முழுக்கப் பூத்திருக்கும். விரிந்த பூவை விலைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள். தங்கபுஷ்பம் ஒரு முழம் வாங்கினாள், எங்கே வைக்கப் போகிறாள், பூக்காரியே துண்டை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஓர் அரும்பைக் கிள்ளி விரலுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். இந்தத் தண்டியா. சின்னதுதான். கெட்டியாக, வழுவழுவென்று, உள்ளே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தங்கபுஷ்பத்துக்கு முதலில் பயறு தண்டியாகத் தட்டுப்பட்டது, குளிக்கும்போது, சோப்பு நழுவின இடத்தில். பயறு என்று நினைத்ததால் பயம் வரவில்லை. பிறகு மொச்சை என்றாள். நெல்லிக்காய் ஆன பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், எனக்குச் சுண்டக்காய்தான் தாயி, எனக்கு எலுமிச்சம்பழம் வந்துருச்சு, அடுப்படிச் சாமானிலும் கொல்லைக் காயிலும்தான் எல்லாருக்கும் வந்திருந்தது, டாக்டரம்மா எழுதின பேரை ஒருத்தியும் வாயில் எடுக்கவில்லை. தெரிந்த சாமானின் பேரை வைத்துவிட்டால் அது வீட்டு ஆளாகிவிடும், வீட்டு ஆள் கொல்லுமா.

ஆனால் அரும்பு. அதை ஏன் எடுத்தாள் மாரிக்கனி. அது தங்கபுஷ்பம் தனக்கென்று எடுத்து வைத்திருந்த சொல். மருந்தெல்லாம் முடிந்து, ஒரு நாள் காலையில் தலையைத் தடவினால் கையில் என்னவோ உறுத்தியது, கண்ணாடியில் பார்த்தால் மண்டை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல. கார்த்தீஸ்வரி ஓடிவந்து பார்த்துவிட்டு, கிவிப்பழம் மாதிரி இருக்கும்மா என்றாள். வேல்ச்சாமி பூனைமுடி என்றார். முளைச்சிருக்கு என்று நாத்தனார் சொன்னாள், முளைக்க இது என்ன வெந்தயமா. நாற்று நெல்லுக்குத்தான், கன்று வாழைக்கு, பிள்ளை தென்னைக்கு, குருத்து என்றால் இலை, பிஞ்சு என்றால் காய், ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள், எதுவும் பொருந்தவில்லை. பையன்களுக்கு மீசை அரும்பும். சிரிப்பு அரும்பும். அரும்பியிருக்கு என்று கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள், நாற்பத்தைந்து வயசுக்காரியின் மண்டைக்கு யாரும் அந்தச் சொல்லைப் போட்டிருக்கமாட்டார்கள், போட்டால் என்ன, பொருந்தினது. பல நாள் அதை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு நடமாடினாள், கல்கண்டு மாதிரி. அப்போதெல்லாம் அரும்பு என்றால் இனிமேல்தான், நிறைய மிச்சமிருக்கிறது, அவசரமில்லை என்று அர்த்தம். மாரிக்கனி போனில் அதைச் சொன்ன பிறகு சொல் கசந்துபோனது, தலையைத் தடவினால் தன் விரல் வேறொருத்தி மாரைத் தடவுகிற மாதிரி கூசியது. இப்போது விரலில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிற இந்தப் பூ, இது யாருக்காகக் காத்திருக்கும். காலையில் செடியில் கிள்ளின நேரத்திலேயே இது கிளம்பிவிட்டது. பஸ் நின்றால் இது நிற்குமா, கேட் அடைத்தால் நிற்குமா, பார்க்க அசையாமல் இருக்கிறதே தவிர உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இராத்திரிக்குள் விரிந்தே தீரும். அவளுடைய பயறும் அப்படித்தான் ஓடியிருக்கிறது, அவள் மொச்சை நெல்லிக்காய் என்று பேர் மாற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம். சின்னது என்பதல்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தம், ஆரம்பித்துவிட்டது என்பதுதான். இதைத்தான் சொல்ல வேண்டும். இல்லை, இப்படிச் சொன்னால் மாரிக்கனிக்கு ஏறாது, யக்கா நீங்க கதையெல்லாம் படிக்கிறவங்க என்று சிரிப்பாள். தனக்கே மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்கிற பயம் அந்தச் சந்தில் தலையை நீட்டியது, வலது பக்கத்தை இராத்திரி இராத்திரி அமுக்கிப் பார்க்கிற பயம், போ, உன்னை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், இப்போது உன் முறை இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால். தெரியட்டும். சீனித்தாய் காதில் விழுந்தால் நாளைச் சாயங்காலத்துக்குள் ஊர் ஊராகப் போகும், கார்த்தீஸ்வரி முகத்தை எப்படிப் பார்ப்பது. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவளுக்கு இதற்கு இல்லை, பதில் இல்லாமலே செய்ய வேண்டியதுதான். ரயில் கடந்தது. டிரைவர் பொத்தானை அழுத்தினார், பஸ் உடம்பு முழுக்க உதறிக்கொண்டு கிளம்பியது.

விலக்கில் மாரிக்கனி ஏறினாள். பஸ்ஸே நிறைகிற மாதிரி சிரித்துக்கொண்டு வந்து, வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "யக்கா, வந்துட்டீங்களா. நீங்க இல்லாம உங்க பிரேமுக்கு ஒரு வடக்கத்திப் பிள்ளையைப் போட்டாங்க, பாவம், அது பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அதுக்குப் புரியாது, ரெண்டு பேரும் விடிய விடியச் சண்டை. சாப்டீங்களா?"

தங்கபுஷ்பம் துண்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பின்சீட்டுத் தலைகள் இந்தப் பக்கம் நீண்டன.

"நான் பழனிக்குப் போகல மாரி."

"என்னக்கா?"

"மொட்டை போடல. மருந்து ஏத்துனாங்க, அதுல கொட்டிப்போச்சு. எனக்கு வயித்துல இல்ல, மார்ல. கேன்சர். எதுவும் கரையல. மதுரையில அறுத்து எடுத்தாங்க. நீங்க தின்ன பஞ்சாமிர்தம் கடையில வாங்குனது."

மாரிக்கனி சிரித்தபடியே இருந்தாள், சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவள் மாதிரி. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "விளையாடாதீங்கக்கா" என்றாள், குரலே இல்லாமல்.

"அன்னைக்குப் போன்ல சரின்னு சொன்னேன் பாரு, அதைத் திருப்பி வாங்கிக்கிறேன். காலையில ஷிப்டு முடிஞ்சு நீ வீட்டுக்குப் போகாத. ரெண்டு பேரும் இப்படியே மதுரை பஸ் ஏறிடுவோம். சீட்டு எங்க வாங்கணும், எந்த ரூம், எல்லாம் எனக்குத் தெரியும்."

"நேர்ந்துட்டேனேக்கா. சாமிக்குச் சொன்னதை மாத்துனா குத்தமாயிரும். பிள்ளைங்க இருக்கு."

"யாரு மாத்தச் சொன்னா. மொட்டை போடு, நானும் கூட வாறேன், காவடி எடுக்கணும்னாலும் எடுப்போம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போவோம். முருகன் காத்திருப்பாரு. இது காத்திருக்காது."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"நல்லதாப் போச்சு. காபி குடிச்சிட்டு வருவோம்."

"காலையில பிள்ளைகளுக்கு யாரு சோறு பொங்குறது. எங்க அத்தை கேட்டா என்ன சொல்றது. அவர்கிட்ட என்ன சொல்றது." மாரிக்கனி கேட்டுக்கொண்டே போனாள், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்டாள், கைகள் வாளியின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடின, குழம்பு வாசம் வந்தது. "நான் வரலைன்னா என்ன செய்வீங்க?"

"உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன். உங்க அத்தை எந்திரிச்சுப் போற வரைக்கும் உக்காந்திருப்பேன். போகலைன்னா அவங்க முன்னாலயே சொல்லுவேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சீனித்தாயின் கிண்டல் வரப்போகிறது என்று தங்கபுஷ்பம் முதுகை விறைத்துக்கொண்டாள். சீனித்தாய் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் அகலமாக மறைத்தாள், "என்ன இங்கயே பாத்துக்கிட்டிருக்கீக, உங்க உங்க சோலியைப் பாருங்கடி" என்று பொதுவாக ஒரு அதட்டல் போட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கு இவளேதான் ஊரெல்லாம் சொல்லுவாள், அது வேறு. இப்போதைக்கு நின்றாள்.

மாரிக்கனி நம்பவில்லை. நம்பினால் எல்லாம் ஆரம்பித்துவிடும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது, தங்கபுஷ்பத்துக்கு அந்த முகம் தெரியும், கண்ணாடியில் பார்த்த முகம். இனி வாயால் ஆகாது. சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு, ஜாக்கெட்டின் இடப்பக்கத்திலிருந்து மகள் தைத்துக் கொடுத்திருந்த துணிப்பொதியை உருவி எடுத்து மடியில் வைத்தாள். உள்ளே பஞ்சு, மில் பஞ்சுதான். மாரிக்கனி அதையே பார்த்தாள். பிறகு அவள் கேட்டாள், பிரேமில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக, "தொடட்டுமாக்கா?"

தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பிடித்துத் தலைப்புக்கு அடியில் கொண்டுபோனாள். இழை ஒட்டி ஒட்டித் தோல் தடித்த விரல்கள், சில்லென்று இருந்தன. தழும்பின் ஒரு முனையில் நின்றன, அப்புறம் மெதுவாக நகர்ந்தன, முழு நீளத்துக்கும்.

"வலிக்குதா?"

"இல்ல."

மில் விளக்குகள் தெரிந்தன, பஸ் திரும்பி வாசலுக்குள் நுழைந்தது, சங்கு ஊதியது. எல்லாரும் வாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள், ஒருத்தி பின் ஒருத்தியாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு இறங்கினார்கள், டிரைவர் திரும்பிப் பார்த்து இறங்குங்கம்மா என்றார். மாரிக்கனி கையை எடுக்கவில்லை. "காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸுக்கா?" என்றாள்.